சேவற்கொண்டை மலையில் விழுந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் அக்காவின் வீட்டில் எந்த நல்ல காரியமும் நடக்காது. ராகுகாலம். அந்த நேரத்தில் அவர் வாடகை பேசமாட்டார். ஊருக்குக் கடிதம் எழுதத் தொடங்கமாட்டார். புதிதாக வாங்கி வந்த அரிசிப் பையின் வாயைக்கூடப் பிரிக்கமாட்டார். தொலைக்காட்சி பார்ப்பது மட்டும் காரியத்தில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சலுகை வழங்கியிருந்தார். குளிர்காலத்தில் அந்த நேரம் பார்த்துத்தான் பனிச்சறுக்குப் போட்டிகளைக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில், பந்தை வைத்தால் உருளாத தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், ஆல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளில் இளைஞர்கள் மணிக்கு எண்பது மைல் வேகத்தில் இறங்குவதைப் பார்த்துப் பைத்தியமானது இப்படித்தான்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் லண்டனுக்கு வந்து, பகலில் கணக்கியல் படித்து, மற்ற நேரம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தபோது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. ஆர்ச்வேயில், முருகன் கோவிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு. கணவர் கொழும்பிலேயே காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. குள்ளமான, உருண்டையான உருவம். சேலைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, காலில் சொக்ஸ், அதற்கு மேல் செருப்பு. மேல்மாடியில் என்னைப்போல நாலைந்து பெடியன்கள் அறைகளில் இருந்தோம்.

நான் அறை பார்க்கப் போனதும் ஒரு ஞாயிறு பின்னேரம்தான். விபரம் தெரியாமல் ஐந்து மணிக்குப் போய் மணியை அடித்துவிட்டேன்.

"உள்ளுக்கு வந்து இரும் தம்பி. இப்ப அறை காட்டமாட்டன்," என்றார்.

இருந்தேன். தொலைக்காட்சியில் ஒருவன் காற்றில் எழும்பி, ஒரு கால் ஒரு திசையிலும் மற்றக் கால் வேறு திசையிலும் போக, விழுந்து உருண்டு வலைக்குள் சிக்கினான். கமரா உடனே மலை உச்சிக்குப் போய் அடுத்த ஆளைக் காட்டியது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, அவன் எழும்பினவனோ?"

என்னைத்தான் கேட்டார். அறையில் வேறு ஆள் இல்லை.

"எழும்பியிருப்பான்," என்றேன்.

"இருப்பான் எண்டு சொல்லாதையும். பாத்தனீரோ?"

"இல்லை."

"அப்ப பாக்கேல்லை எண்டு சொல்லும்."

அதுதான் அக்கா. அவருக்கு வென்றவன் யார் என்பது தேவையில்லை. கிண்ணத்தைத் தூக்கும்போது அவர் அடுப்படிக்குப் போய்விடுவார். விழுந்தவன் எழும்பினானா என்பது மட்டும் தெரியவேண்டும். தெரியும்வரை அந்த வீட்டில் தேத்தண்ணி கிடையாது, கதை கிடையாது, ராகுகாலம் முடிந்த பிறகும் அறை காட்டுவது கிடையாது. அன்றைக்கு நிகழ்ச்சியின் கடைசியில் அந்தப் பெடியன் நொண்டிக்கொண்டு கையசைத்தான். அதன்பிறகுதான் எனக்கு அறை கிடைத்தது.

ராகுகாலத்தைப்பற்றி நான் ஒருமுறை வாதம் பண்ணிப் பார்த்தேன். படித்த திமிர்.

"அக்கா, ராகுகாலம் சூரியன் உதிக்கிற நேரத்தில இருந்து போடுற கணக்கு. இஞ்சை மாரியில சூரியன் நாலு மணிக்கே போயிடுது. நாலரைக்கு எங்காலை ராகுகாலம்?"

"சூரியன் போனால் போகட்டும். ராகு ஊர் நேரப்படி வாறவர்."

"ஊர் நேரப்படி அப்ப ராத்திரி பத்து மணி."

அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நீர் கொஞ்சம் கனக்கப் படிச்சுப்போட்டீர். அதுதான் வருத்தம்."

சில நாட்களில் நிகழ்ச்சி முடிந்தும் விழுந்தவனைத் திருப்பிக் காட்டமாட்டார்கள். அப்போது அக்கா தொலைபேசியிடம் போவார். நாங்கள் களவாகக் கொழும்புக்கு எடுத்துவிடுவோம் என்று அதன் சுழல்தட்டில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி ஊக்கில் குத்தி இடுப்பில் இருக்கும். பூட்டைத் திறந்து தொலைக்காட்சி நிலையத்துக்கு எடுப்பார்.

"ஹலோ. குட் ஈவினிங். டவுன்ஹில் வன் பாய் ஃபால். ப்ளூ ஷேர்ட். ஹீ கெட் அப், நோ கெட் அப்?"

முதல் முறை நான் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்தேன். "அக்கா, அது நேற்று நடந்த போட்டி. படம்பிடிச்சு இண்டைக்குக் காட்டுறாங்கள்."

"நேற்று விழுந்தவன் எழும்பாட்டில் இண்டைக்கும் கிடப்பான்தானே?"

தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள். போகப்போக அக்காவின் குரலைக் கேட்டதும் "ஆர்ச்வே மேடம்தானே?" என்று கேட்டு, யாரையோ விசாரித்து வந்து சொல்வார்கள். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுப் படிக்கட்டின் அடியில் நின்று மேல்மாடிக்குக் கேட்கக் கத்துவார்.

"எழும்பீட்டான்! முழங்காலில உரஞ்சினதுதானாம்!"

மேலே எல்லா அறைகளிலிருந்தும் "முருகா!" என்று ஒரு சத்தம் வரும். பக்தி இல்லை. இனித் தேத்தண்ணியும் வடையும் வரும் என்ற சந்தோஷம். அந்த வீட்டில் குடியிருந்த அகதிப் பெடியன்கள் எல்லோருமே ஐரோப்பியச் சறுக்கு வீரர்களின் உடல்நலத்தில் உண்மையான அக்கறை உள்ளவர்களாக இருந்தோம்.

எல்லா மலைகளிலும் அக்காவுக்கு ஒரு மலை விசேஷம். ஆஸ்திரியாவில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜனவரிக் கடைசியில் அங்கே போட்டி நடக்கும், தைப்பூசத்துக்கு முன்பின்னாக. உலகத்திலேயே ஆபத்தான சரிவு அதுதான் என்று சொல்வார்கள். அக்காவோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்த வயதான நர்ஸ் ஒருத்தி அந்த ஊர்ப் பக்கம் பிறந்தவள். அந்த மலையின் பெயருக்கு அவர்களுடைய பாஷையில் சேவலின் கொண்டை என்று அர்த்தம் என அவள்தான் சொல்லியிருக்கிறாள். அக்கா அன்றைக்கு வேலை முடிந்து நேரே கோவிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

"கொடியில சேவல், மலையில சேவற்கொண்டை. அங்கை ஆர் இருக்கிறார் எண்டு நான் சொல்லத் தேவையில்லை," என்றார்.

"அவங்கள் வேதக்காரர் அக்கா, யேசுவைக் கும்பிடுறவை."

"இருக்கட்டும். மலை ஆரின்ர?"

அந்தச் சரிவை அக்கா உடுப்பு மினுக்கும் இஸ்திரிப் பலகையில் செய்து காட்டுவார். பலகையைக் கழற்றி, ஒரு முனையை சோபாவின் முதுகில் சாய்த்து, மறு முனையை நிலத்தில் ஊன்றுவார். உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றுதான் வீரன்.

"வெளிக்கிட்ட உடனை இதிலை ஒரு பாய்ச்சல். இதுக்கு எலிப்பொறி எண்டு பேர். ஏனெண்டால் உள்ளுக்குப் போனவன் திரும்பேலாது. பிறகு ஒரு குத்துச் சரிவு. அதிலை வளைவு. அதாலை தப்பினால் கொஞ்சத் தூரம் சும்மா வழுக்கிக்கொண்டு போறது, அதிலை மூச்சு வாங்கலாம். கடைசியா இஞ்சை ஒரு விளிம்பு. கால் ரெண்டும் செத்துப்போயிருக்கிற நேரம் பாத்து இந்த விளிம்பு வரும். கீழை சனம் மணி அடிச்சுக்கொண்டு நிக்கும். எங்கட பிள்ளையள் அதிலைதான் கூடுதலா விழுறவை."

எங்கட பிள்ளையள். அப்படித்தான் சொல்வார்.

போட்டியின் சரித்திரமும் நர்ஸ் சொல்லி அக்காவுக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் சரித்திரம் மாதிரி இருக்காது. யுத்தத்துக்கு முந்திய காலத்தில் மரப் பலகையும் தோல் சப்பாத்தும் கட்டிக்கொண்டு இறங்கினவர்கள். அப்போது கீழே வந்துசேர மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. யுத்தம் வந்து போட்டி நின்றது. யுத்தம் முடிந்து, திரும்பி வந்த பெடியன்கள் மறுபடி இறங்கினார்கள். வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். பிறகு வலை வந்தது. பலகை பிளாஸ்டிக் ஆனது. மூன்று நிமிடம் இரண்டானது.

"ஒரு நிமிசத்தை மிச்சம் பிடிச்சு என்ன செய்தவையாம்?" என்பார் அக்கா. "வலையைக் கண்டுபிடிச்சவனுக்கெல்லோ கிண்ணம் குடுத்திருக்கோணும்."

எந்த வருடம் யார் முதலாவது என்று கேட்டால் தெரியாது. எலிப்பொறியில் யார் விழுந்தான், அவனுக்கு எது முறிந்தது, எந்த வருடம் திரும்பி வந்தான், வந்து எத்தனையாவதாக முடித்தான் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். நாற்பதாவதாக முடித்தவனைச் சொல்லும்போதுதான் முகம் மலரும். சில வருடம் பனி போதாது என்று போட்டியை நிறுத்திவிடுவார்கள். அந்த ஞாயிறு அக்கா, "பாவங்கள், இந்த வரியம் எல்லாரும் சுகமா இருக்கட்டும்," என்று நிம்மதியாகப் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். முகத்தில் ஏமாற்றமும் இருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் வீடு லூயிஷாமில். பெண்ணின் தகப்பன் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்ததில் எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்பது குறைவான சொல். படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெற்றோல் நிலையத்தில் தப்புத் தப்பாகச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் பெரியவர் என்று லண்டனில் ஒருவரும் இல்லாததால் அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு ஞாயிறு. ராகுகாலம் முடிந்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ஏழரைக்குள் அங்கே இருக்கவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் வேறு எதை மன்னித்தாலும் பிந்துவதை மன்னிக்கமாட்டார் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். முதல் பேசின மாப்பிள்ளை பிந்திப் போய், வாசலிலேயே "அடுத்த வண்டி எப்ப எண்டு கேட்டுக்கொண்டு போம்" என்று அனுப்பப்பட்டவராம்.

அந்த ஞாயிறு சேவற்கொண்டை மலைப் போட்டி.

அக்கா பட்டுச் சேலை கட்டி, பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நான் கடன் வாங்கின கோட்டோடு பின்னால் நின்றேன். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில், கடைசி விளிம்பில் ஒரு பெடியன் விழுந்தான். நீலச் சட்டை. மிக மோசமான விழுகை. துணிப் பொம்மையைப் படிகளில் உருட்டிவிட்டது போல. சரிவின் அடியில் போய்க் கிடந்தான், அசையவில்லை. ஆட்கள் ஓடினார்கள். அவ்வளவுதான். பாட்டுப் போட்டு நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஆறு மணியாகுது."

"பொறும். கேட்டிட்டு வாறன்."

தொலைபேசியில் எடுத்தார். ஆள் இல்லை. திரும்பவும் எடுத்தார். லைன் வேலையாக இருந்தது. ஆறு பத்து. ஆறேகால்.

"அக்கா, மாஸ்டர் காத்துக்கொண்டிருப்பார்."

"இருப்பார்தான். அந்தப் பெடியனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே? நான் இந்த மனசோட போய் அங்கை என்ன சிரிச்சுக் கதைக்கிறது? வாய் நல்லதைச் சொல்ல, மனம் அங்கை பனியுக்கை கிடக்கும். அது உமக்குத்தான் கூடாது."

நியாயம்தான். ஆனால் எனக்குப் பெண்ணும் போய், பேரும் போகப்போகிறது.

"நீங்கள் இதில எடுத்துக்கொண்டிருங்கோ, நான் சந்தியில போய் எடுத்துப் பாக்கிறன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேப்பர் கந்தோரில வேலை. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் தொலைக்காட்சி நிலையத்தின் நம்பர் தெரியும், கையில் சில்லறையும் இருந்தது. சந்தியில் தொலைபேசிக் கூண்டும் வெறுமையாகத்தான் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அங்கே ஒட்டியிருந்த டாக்சிக் கார்டுகளை வாசித்தேன். தொலைபேசியை நான் கையால் தொடவேயில்லை. பிறகு ஓடிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னேன்.

"எழும்பீட்டான் அக்கா. சின்னச் சிராய்ப்புத்தானாம்."

அக்காவின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தார். "என்ர ராசா," என்றார். அதன்பிறகு படியில் நின்று மேல்மாடிக்குக் கத்தினார். மேலிருந்து "முருகா!" வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் ரயில் பிடித்து, ஏழு இருபத்தைந்துக்கு லூயிஷாமில் மணி அடித்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

ஒரு பொய்யைச் சொல்லி ஒரு வேலையை முடித்தோம், அத்தோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். அக்கா விடவில்லை.

"மாஸ்டர், நான் இவருக்குச் சொந்தமில்லை," என்று தொடங்கினார். "வீட்டில குடியிருக்கிற பெடியன். படிப்பு, உத்தியோகம் எல்லாம் தரகர் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லுறன். இண்டைக்கு, பொம்பிளை பாக்க வெளிக்கிட்ட உடுப்போட, இந்தக் குளிருக்கை ரோட்டில போய் நிண்டு ரெலிபோன் அடிச்சு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைப் பெடியன் விழுந்து எழும்பினவனோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தவர். ஒரு கிழவியின்ர மனம் ஆறவேணும் எண்டதுக்காக. இப்படி ஒரு மனுசனை நான் இந்த ஊரில காணேல்லை."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெடியனுக்கு அடி பலமோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. சின்னச் சிராய்ப்பு," என்றேன். இரண்டாம் முறை சொல்லும்போது நாக்குத் தடுமாறவேயில்லை.

கதவின் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. பிறகு தேத்தண்ணித் தட்டோடு அவள் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். படத்தைவிட நன்றாக இருந்தாள். அன்றைக்கே நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நானும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். சந்தோஷத்தில் வடை தின்றுகொண்டு. நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அறிவிப்பாளர் சொன்னார். போன வாரம் விழுந்த அந்த வீரர் நினைவில்லாமலே ஹெலிகொப்டரில் கொண்டுபோகப்பட்டாராம். கால் இரண்டிலும் சத்திரசிகிச்சையாம். இனிச் சறுக்குவாரோ தெரியாதாம். ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார்கள்.

நான் வடையை விழுங்கவில்லை. துப்பவும் இல்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தினார். எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இருபது வருடம் கணக்காளராக இருந்திருக்கிறேன், எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தத் தேத்தண்ணியைப் போல ஒன்றும் சுட்டதில்லை.

"குடியும். ஆறப்போகுது," என்றார். நான் கோப்பையை எடுத்ததும், "லூயிஷாமில நான் சொல்லிப்போட்டு வந்திட்டன். இனி நீர்தான் போய் உண்மையைச் சொல்லவேணும். நான் சொன்னால் கோள். நீர் சொன்னால் சிரிப்பாங்கள், ரெண்டு நாள் கோவிப்பாங்கள், பிறகு சரியாப்போடும்," என்றார்.

"சொல்லுறன் அக்கா."

"ஓம். சொல்லும்."

நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்து லூயிஷாமுக்குப் போன நாட்களில் அவள் கதவைத் திறப்பாள். பிறகு எங்கே சொல்வது? கலியாணம் நடந்தது. அக்கா முன்வரிசையில் நின்று, ஐயரைவிட அதிகமாகச் சத்தம் போட்டு, எல்லோருக்கும் பந்தியில் பரிமாறினார். அந்தப் பொய்யைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. என்மேல் கோபமும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நாங்கள் லூயிஷாமில் குடியேறினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எப்போதும் ஏதாவது வேலை வந்துவிடும். ஆர்ச்வே அவ்வளவு தூரம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அக்கா தொலைபேசியில் எடுப்பார். பிள்ளையைக் கேட்பார், மனைவியைக் கேட்பார். பிறகு, "தம்பி, அந்தப் பெடியன் எல்லே..." என்று தொடங்குவார்.

"அக்கா, பிள்ளை அழுகுது. பிறகு எடுக்கிறன்."

எடுக்கமாட்டேன். முருகன் கோவில் தேருக்குப் போனால் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து வருவார், பட்டுச் சேலைக்கு மேலே அதே கம்பளிச் சட்டையோடு. "தம்பி, அந்தப் பெடியன்..." "அக்கா, தேர் வெளிக்கிடுது, வடத்தைப் பிடிக்கோணும்," என்று ஓடிவிடுவேன். அவ்வளவு பக்தியாக வடம் பிடித்தவன் அந்த வருடம் வேறு யாரும் இருந்திருக்கமாட்டான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மகள் கலியாணம் செய்து ரொறொன்ரோவுக்குப் போக, அக்காவும் வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய்விட்டார். அங்கிருந்து ஒருமுறை எடுத்தார். "இஞ்சை திரும்பின பக்கமெல்லாம் பனி. ஆனால் ஒரு மேடு இல்லை. விழுந்தால் நடு ரோட்டிலதான் விழவேணும்," என்று சிரித்தார். சேவற்கொண்டை மலைக்கு ஏறும் கேபிள் கார்ப் பெட்டிகளில் வென்றவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்களாம், நர்ஸ் சொன்னாளாம். "விழுந்தவையின்ர பேரை எழுதுறதெண்டால் மலைக்கு எத்தினை பெட்டி வேணும்?" என்றார். நானும் சிரித்தேன். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "தம்பி, அந்தப் பெடியன்..." என்றார். அவர் ஆர்ச்வேயில் இருந்து எடுக்கும்போது சொன்ன மாதிரியே ஒரு பொய்யைச் சொன்னேன், இந்த முறை பிள்ளை அழுகிறது என்பதற்குப் பதிலாக ஆரோ வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு ஓரிரு வருடத்தில் அக்கா இறந்துபோனார். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கதை வளர்ந்துகொண்டே இருந்தது. அப்பா குளிரில் நின்று தொலைபேசி எடுத்த கதை. மனைவி பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் குளிர் கூடிக்கொண்டு போய், கடைசியில் நான் முழங்கால் அளவு பனியில் நடந்துகொண்டிருந்தேன். அண்மையில் என் பிறந்தநாளுக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். மகள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையைத்தான் சொன்னாள். "எங்கட அப்பா ஆரெண்டு தெரியவேணும் எண்டால் இது ஒண்டு போதும்," என்றாள். நூற்றுக்கணக்கானவர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். கும்பிட்ட கையைக் கீழே இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் முதலில் மனைவியிடம் கொடுத்தேன். அவள் சமையலறை மேசையில் வைத்து வாசித்தாள். நான் ஏற்கனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவினேன். மினுக்கும் பலகை வரும் இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசித் தாளையும் வாசித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"அந்தப் பெடியன் பிறகு நடந்தவனோ?" என்று கேட்டாள்.

"எந்தப் பெடியன்?"

"என்னப்பா, இவ்வளவும் எழுதிப்போட்டு எந்தப் பெடியன் எண்டு கேக்கிறியள்? விழுந்தவன்."

"தெரியாது."

"பேர்?"

"தெரியாது."

"அப்ப இத்தினை வரியமா என்னத்தை நினைச்சுக் கவலைப்பட்டனீங்கள்?"

என்னை நினைத்துத்தான். கலியாணம் போய்விடும் என்று, பிறகு மானம் போய்விடும் என்று. அந்த நீலச் சட்டைக்காரனை நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஈரக் கையோடு அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது. அக்கா என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டாயா என்று கேட்க வந்திருக்கவில்லை. ஒரு விழுகையை அரைவாசியில் விட்டுவிடுகிற மனிதர் இல்லை அவர். விசாரித்திருப்பார். வருடக்கணக்காக விசாரித்திருப்பார். அவனைப்பற்றி ஏதோ தெரியவந்ததால், எனக்கும் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வந்திருக்கிறார். நான் அவரை ஒரு வசனம்கூட முடிக்கவிடவில்லை.

மனைவி என் செல்போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவவின்ர மகளின்ர நம்பர் இருக்குதெல்லோ? அங்கை இப்ப விடிஞ்சிருக்கும். எடுத்துக் கேளுங்கோ."

"என்னெண்டு கேக்கிறது?"

"முதல்ல செய்ததைச் சொல்லுங்கோ. பிறகு கேளுங்கோ."

"உனக்குக் கோவமில்லையோ?"

"அது பிறகு. இப்ப எடுங்கோ," என்று கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கையைத் துடைத்துவிட்டு நம்பரை அழுத்தினேன். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு அக்காவின் மகள், தூக்கக் கலக்கத்தோடு, "ஆர் கதைக்கிறது?" என்றாள்.

யாரென்று சொன்னேன். "பிள்ளை," என்றேன், "உம்மட அம்மாவுக்கு நான் ஒரு பொய் சொன்னனான்."